பறிபோனதைத் துறக்க முடியுமா?

ஆங்கிலேயனுக்கு ‘கிவ் அப்’ என்ற ஒரே தொடர் போதும். தோற்று ஆட்டத்தை விட்டு எழுவதும் அதுதான், சுருட்டை விடுவதும் அதுதான், அரண்மனையை விட்டுக் காடேகுவதும் அதுதான். நமக்கோ கைவிடுதல் வேறு, துறத்தல் வேறு; இழத்தல் இரண்டிலும் சேராது. நம் பாகுபாடே நுட்பமானது என்று பெருமைப்படத் தோன்றும். ஆனால் பர்மாவின் ரங்கூன் நகரக் கதையை வைத்துப் பார்த்தால், இந்த மூன்றுக்கும் நடுவே நாம் போட்டிருக்கும் வேலி சரியான இடத்தில் இல்லை என்றே எனக்குப் படுகிறது.

அந்த ஊரில் ‘சின்பியூ’ என்றொரு சடங்கு உண்டு. சிறுவனுக்கு இளவரசன் வேடம் கட்டி, ஊர்வலமாக அழைத்துப்போய், தலையை மழித்துச் சீவர ஆடை கொடுத்து மடத்தில் சேர்ப்பார்கள். சித்தார்த்தன் அரண்மனையை விட்டதன் நினைவு அது. சில நாளிலோ சில வாரத்திலோ பையன் வீடு திரும்பிவிடுவான். துறவில் தோற்றுவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. இதே ஊரில்தான் வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள் மொகல் தெருவை நிறைத்திருந்தன. 1942இல் ஜப்பானியர் வந்ததும் இந்தியர்கள் லட்சக்கணக்கில் ஓடினார்கள். 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் 1963இல் வங்கிகளும் அடுத்த ஆண்டு கடைகளும் அரசின் கைக்குப் போயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர்களில் பலர் வியாசர்பாடியிலும் பர்மா பஜாரிலும் முதலில் இருந்து தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர், ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்’ என்றால், அது துறவா, வெறும் இழப்பா?

துறக்க வேண்டுமென்றால் முதலில் கையில் இருக்க வேண்டும், பறிகொடுத்தவனிடம் துறக்க என்ன மிச்சம் என்பது வழக்கமான பதில். பௌத்த விநயம் இதற்கு இடம் கொடுப்பதில்லை. பிக்குகளுக்கு ‘நிஸ்ஸக்கிய பாசித்தியம்’ என்று முப்பது விதிகள் உண்டு. விதிக்குப் புறம்பாக ஒரு சீவரத்தை வைத்திருந்த பிக்கு, அதைச் சங்கத்தின் முன்போ மற்றொரு பிக்குவின் முன்போ வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டதும் பெரும்பாலும் அதே சீவரம் அவரிடமே திரும்பிவிடும். பொன், வெள்ளி போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. பொருள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, ஆனாலும் துறந்தாயிற்று. அப்படியானால் அங்கே விடப்பட்டது துணியல்ல, ‘என்னுடையது’ என்ற பிடி. வள்ளுவரும் துறவு அதிகாரத்தில் அறுக்கச் சொல்வது யான், எனது என்னும் செருக்கைத்தான். பொருள் திரும்பி வந்தும் பிடி விட்டிருக்கலாம் என்றால், பொருள் போன பின்னும் பிடி இருக்கலாம். இருக்கும் பிடியை நாற்பது ஆண்டு கழித்தும் விடலாம்.

சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் என்ற நரியின் கதையல்லவா இது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, உடல் வருத்தத்துக்கு அஞ்சி விட்டதற்குத் தியாகப் பலன் இல்லை என்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயமே கறாராகச் சொல்கிறது. ஆனால் நரி பழத்தைப் பழிக்கிறது. நிலம் நல்ல நிலம், தொழில் நல்ல தொழில், போனது பெரிய நஷ்டம் என்று ஒப்புக்கொண்டபடியே பிடியை விடுகிறவனுக்குப் பழத்தைப் புளிக்கவைக்கும் தேவையே இல்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. பறிகொடுத்தவனிடம் துறவு பேசுவது பறித்தவனுக்குச் செய்யும் உதவி அல்லவா? இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். துறவை ஒருவருக்கு இன்னொருவர் விதிக்க முடியாது. ஓர் அரசு விதித்தால் அதற்கு வேறு பெயர். ஆனால் நஷ்டஈடு கேட்பதும் பிடியை விடுவதும் முரண்பட்டே தீரவேண்டும் என்பதில்லை. கோயில் நிலத்துக்காகத் தர்மகர்த்தா நீதிமன்றம் ஏறும்போது அது தன் நிலம் என்று நினைத்தா ஏறுகிறார்?

பர்மாவில் செட்டியார்கள் பறிகொடுத்த நிலம் முதலில் அவர்களிடம் வந்த வழியையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. கீழ் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்தது சுமார் 6 விழுக்காடு நிலம். 1938இல் 25 விழுக்காடு. அவர்கள் விரும்பியது நிலமல்ல, வட்டி. நெல் விலை சரிந்ததும் கடனுக்கு ஈடாக நிலம் வந்து விழுந்தது. பர்மிய விவசாயிக்கு அதுவும் பறிபோனதுதான், அவருடைய ஆத்திரத்துக்குக் காரணமும் இருந்தது. அவர் தன் பிடியை விட வேண்டும் என்று 1938இல் எந்தச் செட்டியாராவது உபதேசம் செய்திருந்தால் எப்படிக் கேட்டிருக்குமோ, அப்படித்தான் 1964இல் ரங்கூன் அதிகாரியின் வாயிலிருந்தும் கேட்டிருக்கும். நிலம் பிறகு உழுதவனுக்கும் முழுதாகச் சேரவில்லை. நிலமனைத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசே என்று 1947ஆம் ஆண்டு அரசமைப்பு எழுதிவைத்தது; 2008ஆம் ஆண்டு அரசமைப்பும் அதையே சொல்கிறது.