மணிப்பிரவாளமும் மறையின் மொழியும்

செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள நிலப்பகுதி இன்று மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளால் அறியப்பட்டாலும், திருமழிசையில் திருமழிசையாழ்வாரும் பூவிருந்தவல்லியில் திருக்கச்சி நம்பியும் திருப்பெரும்புதூரில் இராமானுசரும் (மரபுக் கணக்கில் 1017) தோன்றியதாக வைணவர் போற்றும் பகுதி அதுவே. இவ்வைணவ மரபு எதிர்கொண்ட கடினமான கேள்விகளுள் ஒன்று, மறை ஒரு மொழிக்கு மட்டுமே உரியதா என்பதாகும்.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு மனிதர் வகுத்ததன்று, என்றுமுள்ளது என்றும், வேதம் எவராலும் இயற்றப்படாதது என்றும் வேதப் பொருளை ஆராய்ந்த மீமாம்சகர் கொண்டனர். அவ்வாறாயின், பாடியவர் பெயரும் ஊரும் தெரிந்த, அதுவும் வேளாளர் குலத்தவராக மரபு கருதும் நம்மாழ்வாரின் திருவாய்மொழியை மறை என்பது எங்ஙனம் பொருந்தும்? வடமொழி மறையும் தமிழ் மறையும் ஒத்த தகுதியுடையன என்னும் உபய வேதாந்தக் கொள்கை இதற்கு விடையாக எழுந்தது. எனினும் இராமானுசரின் ஒன்பது நூல்களும் வடமொழியிலேயே உள்ளன. திருவாய்மொழிக்கு முதல் உரையாகிய ஆறாயிரப்படியை (படி என்பது 32 எழுத்துக் கொண்ட அளவு) எழுதியவர் அவர் சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான்.

அவ்வுரையின் நடை மணிப்பிரவாளம், அதாவது வடசொல்லும் தமிழும் விரவிய உரைநடை. 'சர்வேஸ்வரனுடைய கிருபையாலே சேதநனுக்கு மோக்ஷம் உண்டாம்' என்பது போன்ற ஒரு தொடரில் பெயர்கள் யாவும் வடமொழியாயினும், அவற்றைப் பிணைக்கும் 'உடைய', 'ஆலே', 'கு' என்னும் உருபுகளும் முடிக்கும் வினையும் தமிழே. கேரள மணிப்பிரவாளமோ வடமொழி விகுதிகளையும் ஏற்றது. கொள்கை வாதத்தால் நிறுவ முயன்ற சமத்துவத்தை இந்நடை வாக்கிய அமைப்பிலேயே நிகழ்த்திக் காட்டியது எனலாம்.

சொல் ஒரு மொழிக் குடும்பத்தினின்றும் இலக்கணம் மற்றொன்றினின்றும் வருதல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. தான்சானியாவின் உசம்பரா மலைகளில் வாழும் ம்புகு மக்களின் மாஆ மொழியில், பெயர்களை முன்னொட்டுகளால் வகைப்படுத்தும் இலக்கணம் பாண்டு குடும்பத்தினது. சொற்களுட் பெரும்பங்கு, சோமாலியும் ஒரோமோவும் அடங்கும் குஷிட்டிக் குடும்பத்தினது. அம்மக்கள் அதே இலக்கணத்தில் பாண்டுச் சொற்களை இட்டும் பேசுவராதலால், வேற்றுச் சொற்றொகுதி அண்டை இனத்தாரினின்று தம்மைப் பிரித்துக் காட்டும் அடையாளமாகிறது என ஆய்வாளர் மார்ட்டன் மௌஸ் விளக்குகிறார்.

இதற்கு மாறாக, மணிப்பிரவாளத்தின் நோக்கம் இணைப்பது. விளைவோ அவ்வளவு எளிதன்று. வேதம் ஓதும் உரிமை மறுக்கப்பட்டோர்க்கும் உரிய பாசுரத்தின் உரை, வடமொழிப் பயிற்சி இல்லாதார்க்கு எட்டாததாயிற்று; இது அம்மரபு தன் கொள்கைக்குத் தானே இட்ட தடை என்றே கருத வேண்டும். திருவாய்மொழிக்கு ஆசாரியர் நம்பிள்ளை கூறிய உரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படியை, இருபதாம் நூற்றாண்டில் புருஷோத்தம நாயுடு தமிழாக்க, சென்னைப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. உருபுகளையும் வினைகளையும் விட்டுவைத்து வடசொற்களைப் பெயர்த்தெடுக்கும் அவ்வகைப் பணி இயலுவதாயிற்று எனின், நம்பிள்ளையின் வாதத்தைத் தாங்கி நின்ற சட்டகம் தொடக்கத்திலிருந்தே தமிழினதாக இருந்தமையே அதற்குக் காரணம்.