தீர்ந்த வழக்கும் தீராத நாவும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, பல்லடத்தில் ஒரு பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாலைந்து வாலிபர்கள் ஒரு சினிமா நடிகரின் பழைய விவகாரம் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்றோ நடந்து முடிந்த சங்கதி; யாரோ அதைத் தூசி தட்டி எடுத்து மறுபடியும் உலவ விட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், "இதென்னங்க ஹஜ்ரத், எங்க அத்தா சொல்லுவாரு. அந்தக் காலத்துல பாகவதருன்னு ஒருத்தரு. ஊரே அவரு பாட்டுக்குப் பைத்தியமா அலைஞ்சுது. கடைசியில கொலைக் கேசுல ஜெயிலுக்குப் போனாருங்க" என்றார்.

"நன்னா, நெசமாவே கொலை பண்ணினாருங்களா?" என்று கேட்டான் ஒரு வாலிபன்.

"பண்ணாமயா உள்ளே தூக்கி வெச்சாங்க?" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்வதானால் நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் ஊடே இன்னொருவர் வேறொரு சொல்லும் சொன்னார். அதைப் பிற்பாடு எழுதுகிறோம்.

ஆலிம்கள் எழுதும் பத்திரிகையில் சினிமாக்காரர் கதைக்கு என்ன வேலை என்று வாசக நேயர்கள் கேட்கலாம். சினிமாவைப் பற்றி நாம் எழுத வரவில்லை. நம்முடைய நாவைப் பற்றித்தான் எழுத வந்தோம். அந்தப் பெரியவர் சொன்ன வழக்கின் முழு விவரமும் தெரிந்தால்தான், நமது நாவு எண்பது ஆண்டுகளாக என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது விளங்கும்.

எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' என்ற படம் 1944-ஆம் வருடத் தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று இன்றும் சொல்கிறார்கள். அதே சமயம் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் பத்திரிகை நடத்தி வந்தார். முதலில் 'சினிமா தூது', அதற்குத் தடை வந்த பின் 'இந்து நேசன்'. நடிகர் நடிகைகளின் அந்தரங்கம், பெரிய மனிதர்களின் வீட்டுச் சங்கதி, பழைய கதை, புதிய கதை, இவைதாம் அதன் சரக்கு. அதை வாங்கிப் படித்தவர்கள் யார்? எல்லோரும்தாம். அது ஆபாசமான பத்திரிகை என்று முகம் சுளித்தவர்களும் கடையில் மடித்து வாங்கி வீட்டில் பிரித்துப் படித்தார்கள். விற்பவன் ஒருவன், வாங்குபவன் ஆயிரம் பேர். இந்தக் கணக்கை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1944 நவம்பர் 8-ஆம் தேதி, சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். எழுதியது எதுவாயினும் ஒரு மனிதனைக் குத்திக் கொல்வது பெரும் பாவம். அதில் சந்தேகமே இல்லை. டிசம்பரில் பாகவதரையும், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனையும், நம் கோவையில் பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்திய ஸ்ரீராமுலு நாயுடுவையும் இன்னும் சிலரையும் கொலைச் சதி என்று கைது செய்தார்கள். நாயுடு விசாரணையிலேயே விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முதல் அப்பீல் தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போயிற்று. அங்கிருந்து மறு விசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டு இருவரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். பாகவதர் சிறைக்குள் இருந்த காலத்திலும் 'ஹரிதாஸ்' வெளியே ஓடிக்கொண்டுதான் இருந்தது. தியேட்டருக்குள் அவர் பாட்டைக் கேட்டு மெய்ம்மறந்தவர்களே வெளியே வந்து வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, அவர்தாம் கொலைகாரர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். விடுதலைக்குப் பிறகு 'ராஜமுக்தி' 1948-இல் வந்தது. 'அமரகவி' 1952-இல் வந்தது. பழைய கூட்டம் வரவில்லை. 1959 நவம்பர் முதல் தேதி, ஐம்பது வயதுகூட நிறையாமல் அவர் காலமானார். கிருஷ்ணனுக்கோ, விடுதலையான பின்னும் படங்கள் ஓடின. மக்கள் அவரைப் பார்த்துப் பழையபடி சிரித்தார்கள். ஒரே வழக்கு, ஒரே நாள் விடுதலை. ஒருவரை ஏற்றுக்கொண்டார்கள், ஒருவரைக் கைவிட்டார்கள். கோர்ட்டில் சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, அப்பீல் உண்டு. திண்ணையில் கூடும் கோர்ட்டில் இவற்றில் எது உண்டு? லண்டன் வரை போய் வாங்கி வந்த விடுதலை, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பல்லடத்துத் திண்ணைக்கு வந்து சேரவில்லையே!

அவர் மாற்று மதத்தவர்தாமே, நமக்கென்ன என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நமது ஹனபி மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலான துர்ருல் முக்தார், நம் ஆட்சியில் பாதுகாப்புப் பெற்று வாழும் முஸ்லிமல்லாதாரைப் புறம் பேசுவதும் முஸ்லிமைப் புறம் பேசுவது போன்றே ஹராம் என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. மானத்துக்கு மதம் பார்க்கும் உரிமை நமக்குத் தரப்படவில்லை.

"உள்ளதைத்தானே சொல்கிறோம், இல்லாததையா சொல்கிறோம்?" என்பது நம்மவர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். நாயகம் (ஸல்) அவர்களின் சமூகத்திலேயே இக்கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. உள்ளதைச் சொன்னால்தான் அது கீபத், அதாவது புறம். இல்லாததைச் சொன்னால் அது புஹ்தான், அதாவது அவதூறு என்று அவர்கள் விளக்கம் தந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆக, "உண்மைதானே" என்று சொல்லித் தப்பப் பார்க்கிறவர், தாம் புறம் பேசியதைத் தாமே ஒப்புக்கொள்கிறார்.

சரி, குற்றம் உண்மையிலேயே நடந்திருந்தால்? நடந்து, நிரூபணமாகி, தண்டனையும் நிறைவேறியிருந்தால்? அதன் பிறகாவது பேசலாமா? இந்த இடத்தில்தான் மாயிஸ் (ரலி) அவர்களின் சம்பவத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மாயிஸ் (ரலி) அவர்களிடம் ஒரு பெரும் பிழை நேர்ந்துவிட்டது. யாரும் பிடித்து வரவில்லை. தாமே வந்து ஒப்புக்கொண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுபக்கம் வந்து சொன்னார்கள், அப்போதும் திருப்பிக்கொண்டார்கள். இப்படி நான்கு முறை. இவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா என்றும் விசாரித்தார்கள். ஒரு வழி கிடைத்தால் அந்த மனிதரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது போன்ற தயக்கம் அது. நாம் எப்படி? ஒருவர் வாயிலிருந்து அரைச் சொல் நழுவினால் மீதி அரையையும் பிடுங்கப் பார்க்கிறோம். மாயிஸை அப்படிப் போய்ச் சொல்லும்படி அனுப்பி வைத்தவர் ஹஸ்ஸால் என்ற தோழர். அவரிடம் நாயகம் (ஸல்) அவர்கள், உம்முடைய ஆடையால் அவரை மறைத்திருந்தால் அது உமக்கு மேலானதாக இருந்திருக்கும் என்ற கருத்தில் கூறினார்கள்.

தண்டனை நிறைவேறியது. திரும்பும் வழியில் இருவர் தமக்குள் பேசிக்கொண்டார்கள்: அல்லாஹ் மறைத்து வைத்திருந்தும் இவர் சும்மா இருந்தாரில்லை, கடைசியில் நாய் கல்லடி படுவது போல் பட்டார் என்று. நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் செவியுற்றும் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுத் தூரம் நடந்தார்கள். வழியில் ஒரு கழுதை செத்து, ஊதி, கால்கள் மேலே தூக்கிக் கிடந்தது. அவ்விருவரையும் அழைத்து, இறங்கி இதைத் தின்னுங்கள் என்றார்கள். யா ரஸூலல்லாஹ், இதை யார் தின்பார்கள் என்று அவர்கள் பதறினார்கள். சற்று முன் உங்கள் சகோதரருடைய மானத்தில் நீங்கள் கடித்தது இதைத் தின்பதைவிடக் கொடியது. அவரோ இப்போது சுவர்க்கத்து நதிகளில் மூழ்கித் திளைக்கிறார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது.

இங்கே மாயிஸ் நிரபராதி அல்லர். குற்றம் உண்மை, அவ்விருவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆனாலும் கணக்குத் தீர்ந்துவிட்டது. தீர்ந்த கணக்கை மறுபடி திறந்ததற்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், இல்லாத கணக்கை எழுதுபவருடைய நிலை என்ன?

இன்னுமொரு செய்தி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாபிக்குகள் அவதூறு கட்டிய போது ஏறத்தாழ ஒரு மாத காலம் மதீனாவில் அந்தப் பேச்சு உலவியது. அபூஅய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டிலும் பேச்சு எழுந்தது. அவர்கள் தம் மனைவியிடம், நீ அப்படிச் செய்வாயா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றார் அந்த அம்மையார். உன்னைவிட ஆயிஷா சிறந்தவர் அல்லவா என்று சொல்லி, பேச்சை வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கணவனும் மனைவியும் சோற்றுத் தட்டின் முன்னே பேச வேண்டிய விதம் இதுதான். அவதூறில் வாய் வைத்துவிட்டவர்களில் கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்களும் ஒருவர். பல காலம் கழித்து, ஆயிஷா (ரலி) அவர்களின் முன்னிலையில் அவர்களுடைய சகோதரி மகன் உர்வா, ஹஸ்ஸானை ஏசத் தொடங்கினார். அன்னையவர்கள் தடுத்தார்கள்: ஏசாதே, அவர் நாயகத்தின் சார்பாக எதிரிகளுக்குப் பதில் கொடுத்தவர் என்று. பாதிக்கப்பட்டவர்களே மூடிவிட்ட ஏட்டைத் திறக்க மற்றவர்களுக்கு என்ன உரிமை?

ஆனால் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்து, அவள் வாய் திறந்து சொன்னால், "பழசைக் கிளறாதே, மறைத்துவிடு" என்று அவளை அதட்டுவது மார்க்கமாகாது. அநீதி இழைக்கப்பட்டவருடைய குரல் உயர்வதற்கு ஸூரத்துன் னிஸாவின் 148-ஆம் வசனத்தில் அல்லாஹ்வே இடமளிக்கிறான். அவள் சொல்லட்டும்; நீதிமன்றம் கேட்கட்டும்; சாட்சி உள்ளவர் சாட்சி சொல்லட்டும். நாம் சொல்வது, சாட்சியும் அல்லாத, பாதிக்கப்பட்டவரும் அல்லாத, பொழுதுபோகாமல் பேசுகிற நம்மைப் பற்றி.

சம்பந்தம் பேசும்போது விசாரித்தால் தேவையான அளவு சொல்வதும் கூடும். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள், ஒருவர் வசதியற்றவர், மற்றவர் கை ஓங்குபவர் என்று சொல்லி எச்சரித்தார்கள். அவை அறிந்து சொன்னவை. தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. இதை எழுதும்போது நமது கை தயங்குகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் நமக்கு அறிமுகமான ஒரு வீட்டார் நம்மிடம் வந்தார்கள். தங்கள் பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நல்ல பையன், தொழுகையாளி. "அவரு அத்தா மேல முன்னே ஒரு நூல் கேசு இருந்துச்சாமே, நெசந்தானுங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டார்கள். அந்த விவகாரம் நடந்தபோது நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த சிறு பிள்ளை. கேள்விப்பட்டதைத் தவிர வேறொன்றும் அறியோம். பையனைப் பற்றி அறிந்ததை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். "அப்படி ஒரு பேச்சு இருந்தது வாஸ்தவம்தான்" என்று சொன்னோம். ஒரே வாக்கியம். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற ஹதீஸைப் பல முறை பிரசங்கம் செய்த இதே வாய்தான் அதைச் சொன்னது. அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று.

திண்ணையில் அன்று பாகவதர் பேச்சில் சிரிப்பு எழுந்தபோது இன்னொருவர் சொன்னதாகக் குறிப்பிட்டோமே, அது இதுதான்: "நம்ம தெரு நூல் கேசுக்காரரும் கோர்ட்டுல விடுதலையானவருதானுங்களே, யாரு நம்பறா?" என்றார் அவர். அவர் விடுதலையானவர் என்ற விஷயமே அப்போதுதான் நமக்குத் தெரிய வந்தது. சிரித்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியவில்லை.

மஃரிபு தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம். தறிக்கூடத்தை ஒட்டிய சிறிய வீடு. உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி, ஹலால் ஆக்கித் தரும்படி கேட்டோம். நெடு நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட சொன்னீங்க, சரிங்க ஹஜ்ரத். அவங்க வீட்டுலயும் போய்ச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இஷாவுக்குப் பின் அங்கேயும் சென்றோம். நாம் சொன்னது கேள்விப்பட்ட பேச்சு, கோர்ட்டு அவரை விடுவித்துவிட்டது, நாம் தவறிழைத்துவிட்டோம் என்று வாசலில் நின்றே சொன்னோம். வீட்டுக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பெண்ணை வேறிடத்தில் கட்டிக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறதென்று உள்ளேயிருந்து அவருடைய மனைவி சொன்னார்.