யாருடைய முறை?

மே மாதம் பிறந்துவிட்டால் நெய்வேலி நகரியத்தில் இரண்டே பேச்சுத்தான் காதில் விழும். ஒன்று வெயில், இன்னொன்று மலை. எந்த வட்டத்துக்குப் போனாலும், "இந்த வருஷம் ஏற்காடா, கொடைக்கானலா?" என்ற கேள்வி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

இந்த ஆசை நியாயமானதுதான். பூமியைத் தோண்டிப் பிழைக்கிற ஊர் இது. 1957 மே 20-ம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. அடுத்த ஆண்டே அதை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். தோண்டிய மண்ணையெல்லாம் ஒரு பக்கம் குவித்து, அதன்மேல் மரம் வளர்த்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குன்று மாதிரி இருக்கும். ஆனால் அதை மலை என்று சொன்னால் ஊர்க் குழந்தைகள் சிரிக்கும். ஆகையால் விருத்தாசலம் வழியாகச் சேலம் போய், இருபது கொண்டையூசி வளைவு ஏறி, சுமார் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் ஒரு காட்டேஜ் பிடித்து நாலு நாள் இருந்துவிட்டு வருகிறார்கள். ஏரியில் படகு, காப்பித் தோட்டத்து ஓரமாக நடை, சேர்வராயன் கோயில், சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி. இதில் என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை. உல்லாசப் பிரயாணம் என்றால் பணத்தைக் கரைக்கிற வழி என்று முகம் சுளிக்கிறவர்களுடைய கட்சியில் நான் சேர்ந்தவன் அல்ல. 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-வது பிரிவே, ஓய்வும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் எல்லோருக்கும் உள்ள உரிமை என்று சொல்லியிருக்கிறது. எனக்குச் சந்தேகம் எல்லாம் அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லில்தான்.

ஏற்காட்டில் நாங்கள் தங்கியிருந்தபோது பக்கத்துக் காட்டேஜுக்கு ஒரு குடும்பம் வந்தது. அவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். வண்டியிலிருந்து முதலில் இறங்கியது குழந்தைகள் அல்ல, காஸ் அடுப்பு. பிறகு குக்கர், இட்லித் தட்டு, மாவுத் தூக்கு. காலையில் அப்பா மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார். மத்தியானம் பசியோடு திரும்பி வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி எங்கேயோ மலைமுனைக்குப் போனார்கள். அந்த அம்மாள் பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளும் இப்படியே. என் மனைவி பொறுக்கமாட்டாமல், "நீ ஏரிக்குப் போகலையாம்மா?" என்று கேட்டாள்.

"இங்கேயே நல்லாத்தான் இருக்குக்கா. ஊர்லே அடுப்புகிட்டே நின்னா வேர்த்துக் கொட்டும். இங்கே சமைக்கிறதே தெரியலை" என்றாள் அவள்.

அதில் குறையோ குத்தலோ இல்லை. சந்தோஷமாகவே சொன்னாள். என்னைத் தைத்தது அந்தச் சந்தோஷந்தான். அவளுக்குக் கிடைத்த விடுமுறை, அதே அடுப்பைக் குளிரான இடத்தில் கொண்டுபோய் வைத்தது மட்டுமே.

இது ஒரு வீட்டு விஷயம் அல்ல. 2019-ல் மத்திய அரசு நாடு முழுவதும், மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்காக நாள் ஒன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டார்கள். அதே வேலையில் ஈடுபடுகிற ஆண்கள் 97 நிமிஷம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைவு! அந்த 299 நிமிஷத்துக்கு மலை ஏறினால் லீவு உண்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அந்தக் கணவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளிடம் உயிராக இருந்தார். எனக்கு ஆச்சரியம் வேறு விஷயத்தில். அவர் ஷிப்டு வேலை பார்க்கிறவர். ஒரு பாரத்தை எப்படிப் பங்கு போடுவது என்று அவருக்குத் தெரியாதா?

நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில், மேல்நோக்கி அழுத்திக்கொண்டு ஊற்று நீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். கொஞ்சம் அசந்தால் வெள்ளம் உள்ளே வந்துவிடும். எனவே தீபாவளி அன்றும் பொங்கல் அன்றும் ஒருவன் அங்கே இருந்தாகவேண்டும். ஊரே பட்டாசு கொளுத்துகிறபோது அவன் பம்பைக் காவல் காக்கிறான். இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. ஏன்? இன்றைக்கு அவன் முறை; அடுத்த தடவை இன்னொருவன் முறை. வயிறும் அந்த ஊற்று நீரைப் போன்றதுதான். மலைக்கு வந்தோம் என்பதற்காக அது சும்மா இருக்காது. ஆகவே வேலையே இல்லாத ஓய்வு என்று உலகத்தில் ஒன்று இல்லை. ஒருவன் கையை மடக்கி உட்கார்ந்தால், வேறொரு கை அசைந்துகொண்டுதான் இருக்கும். கேட்கவேண்டிய கேள்வி, அந்தக் கை என்றைக்காவது மாறுகிறதா என்பதே.

நம் மொழி இதை அழகாகக் கண்டுவைத்திருக்கிறது. 'முறை' என்றால் தடவை, அவரவருக்கு வருகிற வாய்ப்பு. ஒண்டுக்குடித்தன வீடுகளில் முறைவாசல் என்று ஒரு வழக்கம் இருந்தது. இன்று ஒரு குடித்தனம் வாசல் பெருக்கினால் நாளை அடுத்த குடித்தனம். 'முறை' என்றால் உறவும்கூட: அத்தை முறை, மாமன் முறை. அரசன் முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான் என்று பொருள். உறவும் நீதியும் மாறிமாறி வருவதும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. 'விடுமுறை' என்ற சொல்லிலேயே அது இருக்கிறது: விடுபட்டு இருக்கிற முறை. முறை என்றால் அது சுற்றி வரவேண்டாமா?

"அவள் அன்பினால் செய்கிறாள், இதில் கணக்குப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. அன்புக்குக் கணக்கு இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் கொடுப்பது என்றால், கொடுக்காமல் இருக்கவும் முடியவேண்டும். 'இன்றைக்கு நான் சமைக்கவில்லை' என்று சொல்ல இடமே இல்லாதவள் செய்வதை அன்பு என்று நாம் பேர் சூட்டிவிட்டால், அது நமக்குத்தான் சௌகரியம்.

"ஓட்டலில் சாப்பிட்டால் தீர்ந்தது" என்பார் வேறொருவர். தீரவில்லை, முறை வேறொருவர் தலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். மோட்டார் சாலை வருவதற்கு முன்னே கொடைக்கானலுக்குப் போன துரைமார்களையும் துரைசானிகளையும் மனிதர்கள் டோலியில் சுமந்து ஏற்றினார்கள். குளிர்காற்று அந்தத் தூக்குக்காரர்கள் மீதும் வீசியிருக்கும். அதனால் அவர்கள் மலைவாசம் போனார்கள் என்று சொல்லிவிட முடியுமா? கூலி கொடுப்பது ஒரு நியாயம். கூலி வாங்குகிறவனுக்கும் ஓய்வு நாள் வருகிறதா என்று பார்ப்பது அதைவிடப் பெரிய நியாயம்.

எங்கள் காட்டேஜ் காவல்காரர் ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் நெய்வேலி என்றதும், "உங்க ஊருக்குப் பக்கத்திலே கடல் இருக்குதாமே, சார்?" என்று கேட்டார். கடலூர் பக்கம்தான், ஒரு நாள் வாருங்கள் என்றேன். "மே மாசம் சீசன். மழைக்காலத்திலே தோட்ட வேலை. பாக்கலாம் சார்" என்றார். ஆயிரக்கணக்கான பேர் மலையைப் பார்த்துவிட்டுப் போக அவர் கதவு திறந்துவிட்டிருக்கிறார். கடல் பார்க்கிற முறை அவருக்கு இன்னும் வரவில்லை.

மலைக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். ஆனால் மூட்டை கட்டும்போது, காஸ் அடுப்போடு ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தில் ஒட்டுகிற மாதிரி ஒரு ஷிப்டு பட்டியல் போடுங்கள்: முதல் நாள் அப்பா, இரண்டாம் நாள் பெரிய பையன், மூன்றாம் நாள் பெண். சாம்பாரில் உப்பு கூடிப்போகலாம். போகட்டும். அந்த மத்தியானம் ஏரியில் ஒரு படகு போகும். அதில் உங்கள் வீட்டு அம்மாள் கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.