ஆயக்கட்டும் அறமும்

காற்றையும் நீரையும் போலவே நிலமும் தனியொருவனுக்குரியதன்று என்ற கொள்கையுடன், 1951-ஆம் ஆண்டு தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கி ஊர் ஊராக நடந்து பூமிதானம் கேட்டார் வினோபா பாவே. பூமி யாருக்குச் சொந்தம் என்பது அவர் எழுப்பிய வினா. ஒருவன் நியாயமாகவே நிலத்துக்கு உடையவன் என்று ஒப்புக்கொண்ட பிறகும், அதை இனி ஒருநாளும் வயலாக முடியாதபடி செய்துவிடும் அதிகாரமும் அவ்வுடைமைக்குள் அடங்குமா என்ற வினா மிஞ்சுகிறது.

செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதியின் ஏரிப்பாசன ஊர்களில் இது வெறும் தத்துவ விசாரமன்று. அறுத்த தாள் காய்ந்து நிற்கும் நஞ்சையில் வெள்ளையடித்த எல்லைக் கற்களை நட்டு, வண்ணக் கொடிகளைக் கட்டி, கிராவல் கொட்டிச் சாலை போடும்போது, மதகிலிருந்து புறப்பட்டு வயலுக்கு வயல் பாய்ந்து கடைமடை வரை சென்ற வாய்க்கால் அந்த மண்ணுக்கடியில் தூர்ந்துபோகிறது. விற்றவன் விற்றது தன் இரண்டு ஏக்கரைத்தான். போனதோ கீழ்நிலத்தானின் தண்ணீர். அவனும் சில காலம் தரிசாகப் போட்டு வைத்திருந்துவிட்டு விற்கிறான். ஏரிநீர் பாயும் ஆயக்கட்டு முழுவதும் மனையான பின், பாயும் நிலமில்லாத ஏரி எதற்கு என்ற பேச்சு எழுகிறது. சென்னையில் மாம்பலம் ஏரி 1920-களில் தியாகராய நகராயிற்று. நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. தாழ்வான இடம் பெயர் மாறியதால் மேடாகிவிடுவதில்லை என்பதை, 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் வடியாமல் நின்ற மழைநீர் காட்டியது.

வயலெல்லாம் புண்ணியம், வீடெல்லாம் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். நீர் கட்டிய நெல்வயலிலிருந்து புவியைச் சூடாக்கும் மீதேன் வாயு எழுவது மெய். உர விலைக்கும் ஆள்கூலிக்கும் ஈடுகொடுக்க மாட்டாமல் விற்கும் குடியானவனையும், ஆயுட்கால சம்பாத்தியத்தைக் கொட்டி அரை கிரவுண்டு மனை வாங்கும் குமாஸ்தாவையும் நிந்திக்க எனக்கு மனம் வரவில்லை. இருக்க இடம் தேடுவது ஜீவதர்மம். ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்து நீச்சல் குளத்தையும் புல்தரையையும் பேணும் உல்லாச விடுதிக்கு அந்த நியாயம் கிடையாது.

சோழர் காலச் செப்பேடுகள் ஓர் ஊரைத் தானம் செய்கையில், அதன் மரங்களையும் கிணறுகளையும் மட்டுமின்றி உடும்பு ஓடும் இடத்தையும் ஆமை தவழும் இடத்தையும் சேர்த்தே எழுதின. அவ்வூருக்கு முறைப்படி பாயவேண்டிய நீரைச் சொல்லி, அந்த வாய்க்காலிலிருந்து அந்நியர் கிளை வெட்டலாகாது, கூடையிட்டு இறைக்கலாகாது என்றும் விதித்தன. இன்றைய கிரயப் பத்திரமோ சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் சதுர அடியையும் குறித்துவிட்டு நின்றுவிடுகிறது. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தது; மறு ஆண்டே, கட்டணம் பெற்று அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் சர்க்காருக்குச் சேரும். தூர்ந்த வாய்க்கால் அதனால் திறக்காது. இரண்டு சாட்சிகளின் கையெழுத்தைக் கேட்கும் பதிவு அலுவலகம், நஞ்சை மனையாகும்போது அதே வாய்க்காலில் நீர் பெறும் கடைமடைக்காரரின் சம்மதத்தையும் கேட்கவேண்டும். அவர் மறுத்தால் பதிவு நிற்கவேண்டும்.