ஒரே கம்பியில்

கொழும்பிலிருந்து வடக்கே போகும் ரயில், பொல்காவலையில் மலைநாட்டுப் பாதையையும் மாகோவில் கிழக்குப் பாதையையும் விட்டுப் பிரிகிறது. யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா என்பதை மாகோவில் முடிவு செய்வது கூராகச் சீவிய இரண்டு நாக்குத் தண்டவாளங்கள். அவை நகரும் தூரம் ஒரு சாண்கூட இராது. விரைந்து வரும் சாரதிக்கு அந்த அசைவு தொலைவில் தெரியாது. அதனால்தான் நாக்குகளைக் கையால் மாற்றும் பிரிவிடங்களின், அதாவது பொயின்ற்றுகளின், அருகே கம்பம் நட்டு, உச்சியில் தட்டு வைத்தார்கள். இந்திய ரயில்வே வழக்கத்தில், பாதை நேராக இருந்தால் தட்டின் வெள்ளை முகம் தெரியும். இரவில் வெள்ளை விளக்கு. கிளைப்பாதைக்கு மாறினால் தட்டின் விளிம்பு மட்டும் தெரியும். இரவில் பச்சை விளக்கு.

களுபோவிலையில், என் வீட்டு மேசைமேல் ஓடும் மாதிரி ரயில் பாதைக்கு இந்தத் தட்டுகளைப் பொருத்தி வருகிறேன். அசலில் 87-இல் ஒரு பங்கு அளவு. அழகுக்கு ஒரு கம்பத்தை ஒட்டி வைத்தால் வேலை எளிது. எனக்கு அது போதாது. நாக்கு நகர்ந்தால் தட்டும் திரும்ப வேண்டும். என் பொயின்ற்றில் இரு நாக்குகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் நகர்வது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். அந்த அசைவில் தட்டு கால் வட்டம் திரும்ப, கம்பத்தின் அடியில் வளைத்த கம்பியின் கை 2 மில்லிமீற்றரை விடச் சற்றே நீளமாக இருக்க வேண்டும். கை நீண்டால் தட்டு அரைகுறையாய்த் திரும்பும். குறுகினால் அளவு மீறித் திரும்பும், அல்லது இறுகி நாக்கையே மறிக்கும்.

தட்டைத் தனியாகத் திருப்ப ஒரு விசை வைத்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் தனி விசையில் திரும்பும் தட்டு, ஒருநாள் நாக்கு ஒரு பக்கம் கிடக்க மறுபக்கத்தைக் காட்டும். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹநாகா பஜாரில் நடந்ததும் இத்தகைய பிரிவுதான். சென்னை நோக்கி வந்த கொரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப்பாதை என்று பச்சை விழுந்தது. பொயின்ற்றோ, சரக்கு ரயில் நின்ற கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. மின்கம்பிகளைப் பிழையாக இணைத்ததால் அறிவிப்பும் இருப்பும் பிரிந்தன. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எனக்கு இது தண்டவாளத்தோடு நின்றுவிடும் விஷயமாகத் தெரியவில்லை. வெள்ளவத்தை, தெஹிவளைத் தொடர்மாடிகளில் தனித்திருக்கும் தாய்மார் பலருக்குப் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். “வாற வருஷம் வந்திடுவம் அம்மா” என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். அங்கே வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, திரும்புவதில்லை என்று முடிவெடுத்து எத்தனையோ காலம். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தச் சொல்லை நம்பித்தான் அம்மா வீட்டை விற்காமல் வைத்திருக்கிறார்; முழங்கால் சத்திரசிகிச்சையையும் தள்ளிப்போடுகிறார். அவருடைய வாழ்க்கை அந்தப் பாதையில்தான் வந்துகொண்டிருக்கிறது.

உண்மையான அறிவிப்பும் காலம் தாழ்ந்தால் உதவாது. 2005 ஜனவரி 6 அதிகாலை, அமெரிக்காவின் கிரானிட்வில்லில், முந்திய நாள் வேலை முடித்துப் போனவர்கள் பொயின்ற்றை நேர்ப்பாதைக்குத் திருப்பாமல் விட்டிருந்தார்கள். அங்கே தொலைவிலேயே எச்சரிக்கும் சமிக்ஞை இல்லை; பொயின்ற்றை நெருங்கிய பின் தெரிந்து பயனில்லை. வந்த ரயில் கிளைப்பாதையில் நின்ற ரயிலை மோதியது, குளோரின் கசிந்தது, ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். நிறுத்துவதற்கு இடம் இருக்கும்போதே சொல்லிவிடுவதுதான் அறிவிப்பு.

முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் காலமும் எல்லோருக்கும் உண்டு. நாக்கு இரு பக்கமும் ஒட்டாமல் நடுவே நின்றால் சக்கரம் தடம் புரளும். ஆகவே அதன்மேல் ரயிலை விடுவதில்லை. “இன்னும் முடிவெடுக்கேல்லை அம்மா, என்னை நம்பி ஒன்றையும் தள்ளிப்போடாதேங்கோ” என்பதும் நேர்மையான அறிவிப்பே.

மனதில் உள்ள அத்தனையையும் ஊருக்குத் திறந்து காட்டச் சொல்லவில்லை. தட்டு காரணம் சொல்வதில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்கிறது. நம்மை நம்பி வருகிறவருக்கு அவ்வளவு போதும், அதைவிடக் குறைவு போதாது. எந்தப் பக்கம் திரும்புவது என்பது நம் உரிமை. திரும்பிய பக்கத்தை உரிய நேரத்தில் அறிவது அவர்களின் உரிமை.