குதிரையில் போன பிரதமர்

1958 செப்டம்பரில் நேரு பூட்டானுக்குப் போனபோது அங்கே மோட்டார் சாலையே கிடையாது. சிக்கிமின் நாதுலா கணவாயைத் தாண்டி, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாக, குதிரையிலும் யாக் மாட்டிலும் நாள்கணக்கில் பயணம் செய்து பாரோ போய்ச் சேர்ந்தார். மகள் இந்திராவும் உடன் போனார். பக்கத்து வீட்டுக்குப் போக மூன்றாம் வீட்டு முற்றத்தை மிதிக்க வேண்டிய நிலை! 1961-ல் இந்தியா அங்கே சாலை போடும் வேலையில் இறங்கியது. பிறகு சுக்காவில் 336 மெகாவாட் நீர்மின் நிலையம் வந்தது. கட்டப் பணம் கொடுத்ததும் இந்தியாதான், மின்சாரத்தை வாங்குவதும் இந்தியாதான்.

வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடப்பதாக 1949 உடன்படிக்கையில் பூட்டான் ஒப்புக்கொண்டிருந்தது. 1971-ல் அது ஐ.நா. உறுப்பு நாடான பிறகும் அந்த வாசகம் அப்படியே இருந்தது. 2007-ல்தான் எடுத்தார்கள். இவ்வளவு தாமதம் தேவையே இல்லை.

உரசலும் உண்டு. 2013 ஜூலையில், பூட்டானில் தேர்தல் நெருங்கிய நேரம் பார்த்து, சமையல் எரிவாயு மானியத்தை இந்தியா நிறுத்தியது. திம்புவில் சிலிண்டர் விலை எகிறியது. அடுப்படியில் இருந்தவர்களுக்கெல்லாம் கோபம். அடுத்த மாதமே மானியம் திரும்பி வந்தது.

இப்போது பூட்டானின் முறை. முன்பு கட்டணமில்லாமல் போய்வந்த இந்தியச் சுற்றுலாப் பயணி, ஓர் இரவு தங்க 1,200 ரூபாய் கட்டுகிறார். மற்ற நாட்டவருக்கு இதைவிடப் பல மடங்கு. இந்தியரிடம் பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டையைக் காட்டினாலே போதும்.