உழவாரமும் ஊர்ப்பொது நிலமும்

நகரத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் நிலத்தைச் சீர்செய்து எல்லாருக்கும் திறந்துவிடுவது உள்ளாட்சி நிர்வாகத்தின் வேலை மட்டும்தானா, சமயங்கள் அறம் என்று வகுத்தவற்றுள் அதற்கும் இடமுண்டா என்ற வினா தமிழகத்தில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. மரம் நடுவது புண்ணியம் என்ற நம்பிக்கை இங்கு எல்லாச் சமயத்தாரிடமும் வேரூன்றியுள்ளது. சோலை வைப்போருக்கும் பாலம் அமைப்போருக்கும் கிணறு வெட்டுவோருக்கும் புண்ணியம் இரவும் பகலும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று கூறும் சிறிய சூத்திரம் ஒன்று பௌத்தத்தின் சம்யுத்த நிகாயத்திலேயே உள்ளது. ஆனால் நடுவதோடு அறம் முடிந்துவிடுகிறதா, நட்டதை நாள்தோறும் காப்பவருக்கு அந்த அறத்தில் என்ன பங்கு என்பதே கடினமான கேள்வி. நகரத்துப் பசுமை நிலங்களின் வாழ்வும் சாவும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையையே சார்ந்திருக்கின்றன.

தெய்வத்திற்கு உரிய பசுமை தமிழ் மரபில் இரண்டு வடிவங்களில் வழங்கிவந்துள்ளது. ஒன்று கோயில் காடு: ஊரின் ஓரத்தில் அய்யனாருக்கோ அம்மனுக்கோ விடப்பட்டு, சுள்ளி ஒடிக்கவும் மக்கள் அஞ்சுவதால் தழைத்து நிற்கும் காடு. மரக்காணத்திற்குத் தெற்கே கீழ்புத்துப்பட்டில் அய்யனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காடு அத்தகையது; ஆண்டின் பெரும்பகுதி மழையில்லாவிட்டாலும் இலையுதிர்க்காமல் நிற்கும் குட்டை மரங்களைக் கொண்ட, சோழமண்டலக் கரைக்கே உரிய வறள் பசுமைமாறாக் காடு என்ற வகை இன்று பெரும்பாலும் இத்தகைய கோயில்களின் நிழலில்தான் எஞ்சியிருக்கிறது. மற்றொன்று நந்தவனம்: பூசைக்குரிய மலருக்காக மண் கொத்தி, நீர் இறைத்து, களை பறித்து வளர்க்கப்படும் தோட்டம். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் மேற்கொண்ட தொண்டு இதுவே என்று வைணவ மரபு போற்றுகிறது. கோயில் காட்டைக் காப்பது மனிதன் கை வைக்காமை. நந்தவனத்தைக் காப்பது அவன் ஓயாமல் கை வைப்பது. இவ்விரு நெறிகளும் தத்தம் இடத்தில் சரியானவை என்பதால், நகரத்தின் பாழ்நிலத்திற்கு எது பொருந்தும் என்பதை அந்த நிலத்தின் நிலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சென்னை அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய ஓடை இதற்குத் தக்க சான்று. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் அந்தச் சதுப்பு, பல ஆண்டுகள் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்படும் இடமாகக் கிடந்து, நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளுக்கும் குடிமக்களின் முறையீடுகளுக்கும் பின்னர், 58 ஏக்கர் பரப்பில் சீரமைக்கப்பட்டு 2011 சனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயருடன் திறக்கப்பட்டது. சீமைக்கருவேலம் அகற்றப்பட்ட இடத்தில் இந்த மண்ணுக்குரிய மரங்களும், உவர் நீரில் வளரும் கண்டல்களும் நடப்பட்டன. கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள், சேற்றுக்குள் காற்று கிடைக்காத காரணத்தால், மேல்நோக்கிப் பென்சில் நட்டாற்போல வரிசை வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. ஆற்றோடு வரும் நெகிழிப் பை ஒன்று அவற்றின்மேல் படிந்து மூடிக்கொண்டால் வேர் மூச்சுவிட முடியாமல் மரம் நலியத் தொடங்குகிறது. அந்தப் பையை வேர் முறியாமல் எடுக்க வேண்டுமென்றால் ஒருவர் சேற்றில் இறங்கிக் கையால்தான் எடுக்க வேண்டும். அடுத்த வெள்ளத்தில் வேறொரு பை வந்து சேரும், மீண்டும் இறங்க வேண்டும். ஆகவே இந்த நிலத்தை அய்யனார் காட்டைப் போலத் தன்போக்கில் விட்டுவிட முடியாது. மனிதன் கெடுத்த நிலம் அவன் விலகிக்கொள்வதால் மட்டும் தேறிவிடுவதில்லை.

இங்கு ஒரு தத்துவத் தடை குறுக்கிடுகிறது. உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் தொடு உணர்வு ஒன்றையே உடைய ஓரறிவுயிர்களாகக் கொள்கிறது. சமண சமயம் அதற்கும் அப்பால் சென்று, மண்ணும் நீரும்கூட ஓரறிவுயிர்களின் உடலே எனக் கொண்டு, துறவிகள் நிலத்தைத் தோண்டுவதையும் பச்சைப் புல்லைப் பறிப்பதையும் விலக்கியது. அவ்வாறாயின் களை பறிப்பதும் ஒரு கொலையாகாதா? இந்த வினாவை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. வேரோடு பிடுங்கப்படும் சீமைக்கருவேலமும் ஓர் உயிர்தான், அதில் அடையும் பறவைகளும் அதை வெட்டிக் கரி சுட்டுப் பிழைப்போரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் தருமசேனர் என்ற பெயருடன் சமணத் துறவியாக இருந்து பின்னர் சைவத்திற்குத் திரும்பிய திருநாவுக்கரசர் ஏந்திய கருவி உழவாரப்படை என்பது இவ்விடத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நீண்ட மரக்காம்பின் முனையில் தட்டையான இரும்பு அலகு பொருத்தப்பட்ட அந்தக் கருவி, கோயில் முற்றத்தில் மண்டிய புல்லையும் நெருஞ்சியையும் செதுக்கி எடுக்க உதவுவது. புல்லைத் தொடவும் தயங்கிய துறவு நெறியில் நின்ற ஒருவர் புல் செதுக்குவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டார் என்றால், தீங்கிழைக்காமல் ஒதுங்கி நிற்பதைவிடப் பிறர் கால் வைக்க இடம் செய்து தருவது பெரிது என்று அவர் கண்டதாகவே கொள்ளத் தோன்றுகிறது. எனினும் சமணத்தின் எச்சரிக்கை இதனால் பொய்யாகிவிடவில்லை. எதை வெட்டுகிறோம், யாருக்காக வெட்டுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளும் கடப்பாட்டை அது விட்டுச்சென்றிருக்கிறது. பசுமை என்ற பெயரால் சதுப்பு நிலத்தை நிரப்பி மரம் நடுவது அந்தக் கேள்வியைக் கேளாமையால் நேரும் பிழை. தரிசென்று கருதப்பட்டுக் குப்பைமேட்டுக்கு இடங்கொடுத்த பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதற்கு வேண்டியது நீர் வந்து தங்கும் இடமே, தோப்பன்று.

திருநாவுக்கரசர் வரலாற்றில் நகர நிலத்திற்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி செய்யும்போது, செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்து ஒளிவிட்டன என்றும், அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரிக்கிறார். பற்றின்மையின் பெருமையாகவே இது வழக்கமாக விளக்கப்படுகிறது. அந்த விளக்கம் சரியே. ஆனால் நகரத்தில் பாழ்நிலத்தைத் துப்புரவு செய்தால் உண்மையாகவே பொன் வெளிப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குப்பை அகன்று பூங்கா வந்ததும் சுற்றிலும் மனை விலை ஏறுகிறது, வாடகை உயர்கிறது, அந்த நாற்றத்தின் நடுவே வேறு போக்கிடமின்றி வாழ்ந்தவர்கள் முதலில் வெளியேறுகிறார்கள். பணியின் பயனாகக் கிடைத்த பொன்னை யார் எடுத்துக்கொள்வது என்பதில்தான் நிலச் சீரமைப்பின் அறம் சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையில் இன்றைய நகரங்கள் பெரும்பாலும் தோற்கின்றன.

பணி செய்பவரின் வாழ்வைப் பற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகள் தெளிவாக இருந்தன. நந்தவனம் அமைத்தவர்கள் செடிகளோடு நின்றுவிடாமல், அதன் பராமரிப்புக்கென நிலத்தை ஒதுக்கி அதற்குத் திருநந்தவனப்புறம் எனப் பெயரிட்டனர். தோட்டத்தில் உழைக்கும் குடிகளின் உணவுக்கும் உடைக்கும் இவ்வளவு என்று கல்லிலேயே வெட்டிவைத்தனர். அவற்றினும் வியக்கத்தக்கது பல கல்வெட்டுகளின் இறுதியில் வரும் வேண்டுகோள்: இந்த அறத்தைப் பிற்காலத்தில் காப்பவரின் திருவடி தன் தலைமேல் இருப்பதாகக் கொடையாளி கூறிவிடுகிறார். தொடங்கியவர் தொடர்பவரை வணங்குகிறார். புண்ணியத்தில் மூத்தவர் யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறெங்கும் கிடைப்பது அரிது.

நந்தவன மரபை அப்படியே நகரத்திற்குக் கொண்டுவரவும் முடியாது. அந்த மலர்வனம் யாருக்கு மணந்தது என்பதை மறைத்துவிட்டு அதைப் போற்றுவது நேர்மையாகாது. 1939 சூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் அழைத்துச் செல்லப்படும் வரை, சென்னை மாகாணத்துப் பெருங்கோயில்களின் வாசல்கள் அவர்களுக்கு அடைத்தே கிடந்தன; 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம்தான் அந்த உரிமையை மாகாணம் முழுவதற்கும் ஆக்கியது. பொது நிலம் நந்தவனத்திலிருந்து பெற வேண்டியது அன்றாடத் தொண்டை. விட்டுவிட வேண்டியது அதன் வேலியை. தொல்காப்பியப் பூங்கா தன் தொடக்க ஆண்டுகளில், பறவைகளின் அமைதி கருதி, மாணவர் குழுக்களையும் முன்பதிவு செய்தோரையும் மட்டுமே அனுமதித்தது. ஓரறிவுயிர் முதலாக எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்க மனிதன் சற்றே விலகி நிற்பது நியாயமான கட்டுப்பாடுதான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு எல்லா மனிதருக்கும் ஒன்றுபோல் இருந்தால் மட்டுமே அதற்கு அறம் என்று பெயர்.

சென்னையில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டடம் எழுப்புவோர், அதில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அலுவலகங்களில் வழங்கும் இத்தகைய துண்டுகள் பல, கம்பிவேலிக்குள் முள்ளும் குப்பையுமாகக் கிடக்கின்றன. தானமாகப் பெற்ற நிலத்தைப் பேணாமல் வைத்திருப்பது எந்தச் சமய நூலின்படியும் குற்றமே. அவற்றைப் பூங்காவாக்கும் ஒவ்வொரு திட்டத்திலும், திறப்புவிழாச் செலவுக்கும் கல்வெட்டுப் பலகைக்கும் முன்னதாக, அங்கே நாள்தோறும் களை எடுத்துக் குப்பை பொறுக்கும் தோட்டத் தொழிலாளியின் ஊதியத்திற்கு நிலையான வைப்புநிதி ஒதுக்கப்பட வேண்டும். அது ஒதுக்கப்படாத திட்டத்தை மாமன்றம் ஏற்கக் கூடாது.